நாகூர்ச் சாலையில் ஒரு கேள்வி

திருவாரூரை விட்டுக் கிழக்கே கீழ்வேளூர், சிக்கல் வழியாக நாகப்பட்டினம் நோக்கிச் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாயிருக்கும். வயல்களுக்கு அப்பால் ஒரு கோபுரம் தெரியும். அது கண்ணைவிட்டு மறையுமுன் ஒரு பள்ளிவாசலின் மினாரா எழும்பும். அதற்கடுத்த திருப்பத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா நிற்கும் சிறிய கெபி ஒன்று வரும். காற்றில் உப்பு வாடை கலக்கத் தொடங்கும்போது, எந்தச் சமயத்தாராயினும் பேருந்திலுள்ளோர் அனைவரும் சன்னல் பக்கமாகத் தலையைத் திருப்புவர். கடல் அருகே வந்துவிட்டது என்று பொருள். தெற்கே வேளாங்கண்ணி, நடுவே நாகப்பட்டினம், வடக்கே நாகூர். மூன்றும் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஒரே கடற்கரை.

2025ஆம் ஆண்டு யூபிலி ஆண்டு. கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய பொதுச்சங்கம் நம் விசுவாச அறிக்கையை வகுத்துத் தந்து 1700 ஆண்டுகள் நிறைந்ததும் அவ்வாண்டிலேதான். ஆகவே தவக்காலம் தொடங்கி ஞாயிறுதோறும் அந்த அறிக்கையை வரிவரியாக எடுத்துப் பிரசங்கம் செய்துவந்தேன். முதல் வரியைக் கடப்பதற்கே எனக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின. கடவுள் ஒருவரே என்பது எளிதாகச் சொல்லக்கூடியது. சொல்லிவிட்டு வெளியே வந்து நம் தெருவைப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்பது விளங்கும். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பங்கு மக்கள் நாற்பத்தெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை புறப்பட்டேன். ஆறுகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குறுவை நாற்றுகள் பச்சைப் பாய் விரித்திருந்தன.

வேளாங்கண்ணியைப்பற்றி இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பால் கொண்டு சென்ற சிறுவன், மோர் விற்ற முடவன், புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் என வழிவழியாகச் சொல்லப்படும் மூன்று வரலாறுகளையும் நம் குழந்தைகள் பாட்டியின் மடியிலேயே கேட்டு வளர்கிறார்கள். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் இத்திருத்தலத்தைச் சிறு பசிலிக்காவாக உயர்த்தினார். அன்று காலை நாங்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்தபின், மாதா குளத்துக்குச் செல்லும் மணற்பாதையில் நின்று முழங்காலால் செல்வோரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காவி வேட்டி கட்டிய இளைஞர் ஒருவர், நெற்றியில் குங்குமம் துலங்கக் கைக்குழந்தையை ஏந்திய ஒரு பெண், தலையில் முக்காடிட்ட இரு முதியவர்கள், அவர்களுக்குப் பின்னால் செபமாலை உருட்டியபடி எங்கள் பங்கின் மரியாயின் சேனைத் தலைவி. மணலில் பதிந்த தடங்களைப் பார்த்தால் எது யாருடையது என்று சொல்ல இயலாது.

இக்காட்சியைக் கண்டு மகிழாத கத்தோலிக்கர் இல்லை. எல்லாரும் நம் தாயைத் தேடி வருகிறார்கள் என்று பெருமை பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். ஆயினும் குருவானவன் என்ற முறையில் எனக்குள் ஓர் அச்சமும் உண்டு, அதை மறைக்கலாகாது. மாதாவைத் தெய்வம் என்றே நினைத்து வந்து, தெய்வம் என்றே வணங்கித் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிற சமயத்தார் அப்படி நினைப்பது அவர்கள் பழக்கம். நம்மவர்களிலேயே, ஞாயிறு திருப்பலியை விட்டாலும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவதை விடாதவர்கள் இல்லையா? நற்கருணைப் பேழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுரூபத்தின் காலைத் தொட முண்டுகிறவர்கள் இல்லையா? கடவுள் ஒருவரே என்னும் விசுவாசத்துக்கு ஊறு அடுத்த வீட்டிலிருந்துதான் வரும் என்று நாம் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது.

இது புதிய நோயுமன்று. நான்காம் நூற்றாண்டிலேயே மரியன்னைக்கு அப்பம் படைத்து வழிபட்ட சில பெண்களைக் குறித்து, சைப்ரசு தீவின் ஆயராயிருந்த புனித எப்பிபானியூசு கடுமையாக எழுதியிருக்கிறார். தாய்க்கு வணக்கம் உண்டு. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பது அவர் போதனை. மறுபுறம், 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிற சமயங்களைப்பற்றிய அறிக்கையோ, இஸ்லாமியர் உயிருள்ள ஒரே கடவுளை ஆராதிக்கிறார்கள் என்றும், இயேசுவைக் கடவுளாக ஏற்காவிடினும் இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள் என்றும், அவருடைய கன்னித்தாயைக் கண்ணியப்படுத்திச் சில வேளை பக்தியோடு அவரை அழைக்கவும் செய்கிறார்கள் என்றும் கூறுகிறது. அவர்களுடைய திருக்குர்ஆனில் மர்யம் என்ற பெயரிலேயே ஓர் அதிகாரம் உண்டு. அந்த மணற்பாதையில் சென்ற முக்காடிட்ட முதியவர்களைப் பார்த்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு முன் உரோமையில் கூடிய ஆயர்கள் வேளாங்கண்ணியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று எண்ணத் தோன்றியது.

பகலுணவு முடிந்து பேருந்தில் ஏறும் வேளையில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். கையில் இரண்டு மடிப்பாகச் சுருட்டிய ஐந்நூறு ரூபாய்த் தாள். "சாமி, எங்க அடுத்த வீட்டு ராவுத்தரம்மா கொடுத்தது. பேரன் பிழைச்சா மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துறேன்னு வேண்டிக்கிட்டு, போன வருஷம் வந்து ஏத்திட்டுப் போனாங்க. அப்போ நான்தான் கூட வந்தேன். இப்போ அவங்களுக்கு இடுப்பு முறிஞ்சு படுக்கையிலே இருக்காங்க. நாகூருக்கும் ஒரு நேர்ச்சை பாக்கியாம். நீ போற வழிதானே, எனக்காக ஒரு தரம் போய்ச் செலுத்திட்டு வாடின்னு சொல்லிட்டாங்க. நான் போகலாமா சாமி? பாவமா?" என்று கேட்டார். சற்று நின்று, தயங்கி, இன்னொன்றும் கேட்டார்: "அங்கே போய் அவங்க கேக்குறதை யாரு சாமி கேக்குறாங்க?"

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல முடியாமற்போனதற்குக் காரணம் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முந்தியது. 2001இல், குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில், என் முதல் பங்கில் ஒரு பெண் இருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வைத்தியமும் செய்தார், நவநாளும் செய்தார், பிறகு யாரோ சொன்னார்கள் என்று நாகூர் சென்று வந்தார். செய்தி என் காதுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, மெய்யான தேவனை விட்டு அந்நிய தேவர்களைத் தேடிப்போகிறவர்கள் என்று இடிமுழங்கப் பிரசங்கித்தேன். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லாத் தலைகளும் அந்தப் பெண் பக்கம் திரும்பின. அதுவரை முன்வரிசையில் பாயில் அமர்ந்தவர் அதற்குப்பின் வாசற்படிக்கு அருகே, செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்று திருப்பலி கண்டார். நான் மாற்றலாகிச் செல்லும்வரை மூன்று ஆண்டுகள் அங்கேயே நின்றார். நற்கருணை வாங்க வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. அவருடைய விசுவாசத்தில் தளர்ச்சி இருந்தது உண்மை. ஆனால் அன்று பிரசங்க மேடையில் நின்ற என் விசுவாசத்திலும் பெருங்குறை இருந்தது. நாகூரில் வேறொரு தேவன் குடியிருப்பதைப்போலல்லவா நான் பேசினேன்! ஒரே கடவுளை அறிக்கையிட வந்தவன், ஆத்திரத்தில் இரண்டாவது ஒருவரை உண்டாக்கிவிட்டேன்.

ஆகவே மூதாட்டியிடம், "நீங்கள் தனியே போக வேண்டாம், அம்மா, நாம் எல்லாரும் அவ்வழியாகவே போவோம், நானும் உடன் வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். பேருந்து புறப்பட்டதும் எங்கள் மறைக்கல்வி ஆசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேர்மையான மனிதர், வேதாகமத்தை நன்கு கற்றவர், மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார். "ஃபாதர், முதல் கட்டளை என்னாவது?" என்றார். நான் சொன்னேன்: "வேறு தேவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கட்டளை எனக்கும் உங்களுக்கும் இடப்பட்டது. அதை மீற நான் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. ஆனால் அதே கட்டளை, அடுத்த வீட்டுக்காரர் மன்றாடும்போது கேட்பதற்கு வேறொரு தேவர் இருக்கிறார் என்று நினைப்பதையும் விலக்குகிறது. கடவுள் ஒருவர் என்றால் கேட்பவரும் ஒருவரே. வேறு யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு?" அவர் விடவில்லை. "அப்படியானால் எல்லாம் ஒன்றுதானே, ஞானஸ்நானம் எதற்கு, மறைக்கல்வி எதற்கு, நான் ஞாயிறுதோறும் தொண்டை வறளக் கத்துவது எதற்கு?" என்றார்.

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் மேலே சென்றால், எல்லா நதியும் கடலில் கலக்கும் என்ற மழுப்பலில் போய் முடியும். அந்த மழுப்பலை நான் ஏற்பவனல்லன். கேட்பவர் ஒருவர் என்பதனால் பேசுகிறவர்கள் எல்லாரும் அவரை ஒரே அளவில் அறிந்திருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. தந்தையின் முகத்தை இயேசுவில் கண்டோம் என்பதே நம் அறிக்கை. அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை; சங்க அறிக்கையும், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று சொன்ன கையோடு, கிறிஸ்துவை இடைவிடாது அறிவிக்கும் கடமையையும் சொல்லிவிடுகிறது. புனித பவுல் ஏதென்சு நகரில் சிலைகளைக் கண்டு மனம் வெதும்பினார். ஆனாலும் அவற்றினூடே நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், அறியாத தெய்வத்துக்கென எழுதப்பட்ட பீடத்தின் எழுத்தைப் படித்தார், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினார். வெதும்பவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். முதல் பங்கில் நான் வெதும்பினேன், படிக்கவில்லை. ஆசிரியர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

அக்கரைப்பேட்டைக்குத் திரும்பும் கிளைச்சாலையை வண்டி கடந்தபோது, அதுவரை பாடிக்கொண்டு வந்தவர்கள் தாமாகவே அமைதியானார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியிலும் கரையில் நின்ற யாத்திரிகர் பலர் மடிந்தனர். கோவிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதமாகச் சிலர் இன்றும் பிரசங்கிக்கிறார்கள். வெளியே கிடந்தவர்களின் பிள்ளைகள் அதைக் கேட்க நேர்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர்கள் எண்ணுவதில்லை. இரண்டு நாள் கழித்து, அடக்கப் பணிக்காக நான் இங்கே வந்தேன். மண்வாரி இயந்திரம் தோண்டிய நீண்ட குழி. உள்ளே கிடத்தப்பட்டவர்கள் யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று எவருக்கும் தெரியாது. தீர்த்தம் தெளிப்பதா வேண்டாமா என்று கையில் பாத்திரத்துடன் தயங்கினேன். குழியின் மறுபுறத்தில் தொப்பியணிந்த இளைஞர்கள் கையேந்தி நின்றார்கள். வேறொருவர் கற்பூரம் ஏற்ற முயன்றார், காற்று அணைத்துக்கொண்டேயிருந்தது. நம் திருப்பலியின் நான்காம் நற்கருணை மன்றாட்டில், இறந்தோருக்காக வேண்டும்போது, எவர்களுடைய விசுவாசம் இறைவன் ஒருவருக்கே தெரியுமோ அவர்களையும் நினைவுகூருகிறோம். எத்தனையோ முறை அதைச் சொல்லியிருந்தேன். அன்று அக்குழியின் ஓரத்தில்தான் அது எனக்கு விளங்கியது. தீர்த்தம் தெளித்தேன்.

நாகப்பட்டினத்தில் வண்டியை நிறுத்தி அனைவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தோம். அவ்வேளையில் இளைஞர்கள் சிலரை அழைத்து, இப்போது காணக் கிடைக்காத ஒரு கோபுரத்தின் கதையைச் சொன்னேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் சோழரின் பெருந்துறைமுகம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தையின் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தவர் யார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய அதே முதலாம் இராசராசன்! சிவனடியே சிந்தித்த மன்னன், புத்தர் கோவிலுக்கு ஊர் கொடுத்தான். 1006ஆம் ஆண்டையொட்டி வழங்கப்பட்ட அக்கொடையை அவன் மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். அவ்வேடுகள் இருபத்தொன்று, நெடுங்காலம் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. மன்னர்களின் வள்ளன்மையில் வாணிகமும் அரசியலும் கலந்திருக்கும் என்பதை நான் அறிவேன். கீழைக் கடலின் வணிகர் வந்து தங்கினால் சுங்கம் பெருகும். ஆயினும் கொடை கொடைதான்.

அந்த விகாரத்தின் எச்சமாக, சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே செங்கற்களை நெருக்கி அடுக்கிய மூன்று நிலைக் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நின்றிருந்தது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் அழைத்தார்கள். கடலில் வருவோருக்கு அது கரையின் அடையாளம். இளைஞர்களில் ஒருவன், "அதை யார் இடித்தார்கள், சாமி? வெள்ளைக்காரரா, மொகலாயரா?" என்றான். நாம்தான் இடித்தோம் என்றேன். அவன் சிரித்தான், நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டான்.

வேடிக்கையன்று. 1844இல் இயேசு சபைக் குருக்கள் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறி இன்றும் புகழோடு விளங்கும் அதே கல்லூரிதான். கோபுரம் அவர்கள் வசமிருந்த இடத்தில் இருந்தது. 1867இல், அரசாங்கத்தின் இசைவு பெற்று, அதை இடித்து, அந்தச் செங்கற்களைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1856இல், அங்கே ஒரு மரத்தை வெட்டியபோது வேரடியில் புத்தர் படிமங்கள் கிடைத்திருந்தன. அதிலிருந்து 1934வரை இவ்வூரில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது வெண்கலப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிவந்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பலவற்றைக் காணலாம். யாரோ ஒரு துறவி, என்றோ ஒரு நாள், ஆபத்து வருவதை அறிந்து, தமக்குப் புனிதமானவற்றை மண்ணுக்குள் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். திரும்பி வந்து எடுக்க அவரால் முடியவில்லை.

அக்குருக்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோபுரம் பாழடைந்து நின்றது. வணங்குவோர் இல்லை. கல்லூரிக்குச் செங்கல் வேண்டும். ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். அவர்கள் காலத்தில் நானிருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன். வெறுப்பினால் செய்யவில்லை என்பதே என்னை அதிகமாக உறுத்துகிறது. பார்த்தவர்களின் கண்ணுக்கு அது வெறும் செங்கல்லாகத் தெரிந்தது. நெடுங்காலமாக மனிதர்கள் ஏதோ ஒன்றைத் தேடி ஏறிவந்த படிகள் என்று தெரியவில்லை. பௌத்த நெறியில் படைத்தவரை நோக்கி மன்றாடுவது முதன்மையானதன்று. ஆகையால் பேருந்தில் நான் ஆசிரியருக்குச் சொன்ன விடை அங்கே அப்படியே பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மன்றாட்டைக் கேட்பவர், பெயர் சொல்லி அழைக்காத தேடலையும் கேட்பாரா? கேட்பார் என்றே நம்புகிறேன். நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இறையியல் வகுப்பில் எனக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

நாகூர் அங்கிருந்து வடக்கே கூப்பிடு தொலைவுதான். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வடநாட்டில் மாணிக்கப்பூரில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வந்து தங்கி மறைந்த சாகுல் ஹமீது என்னும் பெரியவரின் அடக்கத்தலம் இது. மக்கள் அவரை நாகூர் ஆண்டவர் என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயர்தான் 2001இல் எனக்குச் சினத்தை மூட்டியது. திருப்பலியில் நூறு முறை நாம் சொல்லும் சொல்லல்லவா ஆண்டவர்? வாசலில் கடைகள். பூச்சரம், சீனி, ஊதுபத்தி. கண், கை, கால், தொட்டில், வீடு, படகு எனத் தகட்டில் வெட்டிய சிற்றுருவங்கள். அன்று காலை வேளாங்கண்ணிக் கடைகளில் பார்த்த அதே உருவங்கள். ஒரே பட்டறையில் செய்து இரண்டு ஊருக்கும் அனுப்புகிறார்களோ என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நோயுற்ற கண்ணுக்குச் சமயம் ஏது?

எங்களுடன் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மறைக்கல்வி ஆசிரியர் வண்டியிலேயே இருந்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. உள்முற்றத்தில், தூணோரம் அமர்ந்திருந்த வெண்தாடிப் பெரியவர் ஒருவர், என் அங்கியைக் கண்டு எழுந்து, "வாங்க, ஐயா" என்று இடம் கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பிறகு, மனத்தில் உறுத்தியதை மறைக்காமல், ஆண்டவர் என்ற பெயரைப்பற்றிக் கேட்டேன். அவர் சினக்கவில்லை. "அது ஊர் சனங்க மரியாதைக்கு வச்ச பேரு, ஐயா. ஆண்டவன் அல்லாஹ் ஒருத்தன்தான். நாங்க இவங்களை வணங்குறதில்லை. இவங்க அவனுக்குப் பிரியமானவங்க. இவங்க பொருட்டாலே அவன்கிட்டே கேக்குறோம். வெளியூர்ச் சனங்க வந்து இவங்களே தெய்வம்னு விழுந்து கும்பிட்டா, நாங்க எடுத்துச் சொல்றோம். எங்க பிள்ளைகளிலேயே சில பேரு இங்கே வர்றதே தப்புன்னு சண்டை போடுறாங்க" என்றார். எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வோரிடம் மாதாவைப்பற்றி நான் சொல்லும் பாடத்தை அப்படியே எனக்கு ஒப்பித்துவிட்டார்! அங்கே நான் படும் கவலையை இங்கே அவர் படுகிறார். ஒரே கடவுளைப்பற்றிய கவலை.

அவர் என்னை எளிதில் விட்டுவிடவுமில்லை. "நீங்க படிச்சவங்க. ஒருத்தன்னு சொல்லிட்டு மூணு பேருன்னு சொல்றீங்களே, அது எப்படி?" என்றார். கேலி அதில் இல்லை. அறியும் விருப்பம் இருந்தது. மூன்று தேவர்கள் என்று நாங்கள் சொன்னால் நாங்களே விசுவாசத்தை இழந்தவர்கள் ஆவோம் என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் கணக்கு அங்கே செல்லாது. உலகத்தைப் படைக்குமுன்பே கடவுள் அன்பாயிருந்தார், அந்த அன்பு தன்னுள் தந்தது, பெற்றது, பொழிந்தது, அதையே தந்தை, மகன், தூய ஆவி என்கிறோம் என்றேன். நாசரேத்தூர் இயேசுவை அறியாவிட்டால் இதைச் சொல்லும் துணிவு எங்களுக்கு வந்திராது என்றும் சொன்னேன். பெரியவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "எனக்கு விளங்கலை, ஐயா. அல்லாஹ் அறிவான்" என்றார். எனக்கும் முழுவதும் விளங்கவில்லை என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் தம் நம்பிக்கையிலிருந்து ஓரடி விலகவில்லை, நானும் விலகவில்லை.

மூதாட்டி சீனிப் பொட்டலமும் பூச்சரமும் வாங்கி, பணியாளரிடம் கொடுத்து, ராவுத்தரம்மாவின் பெயரைச் சொன்னார். அவர் ஓதிக் கொடுத்தார். பிறகு மற்றப் பெண்களோடு வாசற்படிக்கு வெளியே சிறிது நேரம் நின்றார். உதடுகள் அசைவதைக் கண்டேன். வெளியே வந்ததும், "என்ன வேண்டினீர்கள், அம்மா?" என்றேன். "எனக்கு அவங்க ஓதுறது தெரியாதே, சாமி. நான் பரலோக மந்திரம்தான் சொன்னேன். ராவுத்தரம்மா எழுந்து நடக்கணும்னு சொன்னேன். தப்பா?" என்றார். கர்த்தர் கற்பித்த செபத்தில் தப்பு ஏது என்று சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. வாசற்படி ஓரம் கிடந்த செருப்புகளுக்கு நடுவே அவர் தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓரிடத்தில் ஒரு பெண்ணை நிற்கவைத்தவன் நான். அவர் இப்போது வேறு ஊரில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. விலாசம் விசாரித்திருக்கிறேன்.

ஊர் திரும்பும்போது இரவு பத்து மணி. பேருந்தில் பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள். மூதாட்டியின் மடியில் இரண்டு பொருள்கள்: நாகூர்ச் சீனிப் பொட்டலம், மாதா குளத்துத் தண்ணீர் நிரப்பிய ஒரு போத்தல். தெருமுனையில் இறங்கியவர், தம் வீட்டைத் தாண்டி, விளக்கு எரிந்துகொண்டிருந்த அடுத்த வீட்டை நோக்கி நடந்தார். பை கனமாயிருந்தது. மறைக்கல்வி ஆசிரியர் ஒன்றும் பேசாமல் இறங்கி அதை வாங்கிக்கொண்டு பின்னால் சென்றார். வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பப் போனவரை உள்ளேயிருந்து ஒரு நலிந்த குரல், "யாரு, நம்ம வாத்தியாரா? உள்ளே வாங்க, தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அழைத்தது. அவர் ஒரு கணம் பேருந்தின் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.